ஒரு கட்டத்தில் இரண்டு மா: இன்றைய குறுக்கெழுத்துப் புதிர்

வணக்கம், நண்பர்களே. கிருஷ்ணகிரியில் இப்போது காலை ஏழரை மணி. மேசை மேல் இன்றைய நாளிதழும் ஒரு பென்சிலும் அழிப்பானும் இருக்கின்றன. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் விடைகளைச் சொல்லி முடித்துவிடுவேன். இன்றைய புதிர் அப்படி அவசரமாகக் கடந்துபோகத் தக்கதன்று. இன்னும் தீர்க்காதவர்கள் காணொளியை இங்கேயே நிறுத்திவிட்டு, முயன்று பார்த்த பிறகு வாருங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது முழுவதும் விடைகளே.

தாளைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். ஆறு கட்டம் அகலம், ஒன்பது கட்டம் உயரம், அவற்றில் எழுத்து நிரப்ப வேண்டிய வெள்ளைக் கட்டங்கள் 22 மட்டுமே, குறிப்புகள் எட்டு. மேலே, 'இன்றைய கரு: மா' என்று ஒரே ஓர் எழுத்தைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார் புதிராசிரியர். ஆனி மாதத்தில், பெங்களூரா ஏற்றிய டெம்போக்கள் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் நாள்களில், நம் ஊர்க்காரர் ஒருவர் இந்தத் தலைப்பைப் படித்தால் மனம் எங்கே போகும்? எட்டு விடையும் மாம்பழ வகைகள்தான் என்று முடிவு செய்துகொண்டே நான் பென்சிலை எடுத்தேன். அந்த முடிவு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு செய்தி. தமிழ்ப் புதிரில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம்; உயிர்மெய்யும் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது அவர் கையில் இருந்தவை 26 எழுத்துகள். நமக்கு இருப்பவை 247. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் குறுக்கிடுவதற்கு ஏதோ ஓர் உயிரெழுத்து ஒத்துப்போனால் போதும். தமிழிலோ 'மா' என்ற கட்டத்தில் இன்னொரு சொல் வந்து சேர வேண்டுமானால் அதிலும் அச்சாக 'மா' இருந்தாக வேண்டும், 'ம' இருந்தாலும் உதவாது, 'மி' இருந்தாலும் உதவாது. இந்த இடர்ப்பாட்டினால்தான் நம் இதழ்களில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் சொற்களை எழுதும் வழக்கம் இருக்கிறது. இன்றைய ஆசிரியர் அந்த இடர்ப்பாட்டையே கருவாக எடுத்துக்கொண்டு, சொற்கள் சந்திக்கும் முக்கியமான கட்டங்களில் எல்லாம் 'மா'வையே வைத்திருக்கிறார்.

இனிக் குறிப்புகளுக்கு வருவோம். இடமிருந்து வலம் 1: 'நெல்லிக்கனியால் நிலைத்த தகடூர்த் தலைவன் (5)'. அதியமான். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதன் அருகில் இன்றும் அதியமான்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் நொடியில் எழுதிவிடுவார்கள். ஆனால் இதில் வரும் 'மா' எது? சேரமகன் என்பது சேரமான் ஆனதைப் போல, அதியமகன் என்பது அதியமான் ஆயிற்று என்பார்கள். மகன் என்ற சொல் சுருங்கி நீண்டதால் பிறந்த 'மா' இது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு 'அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இவர் பெயரைச் சொல்கிறது. அந்த நெடுமானிலும் இதே ஈற்றைப் பார்க்கலாம்.

மேலிருந்து கீழ் 1: 'சங்கம் வைத்திருக்கும் சிங்கம் (3)'. அரிமா சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்காத ஊர் இல்லை என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை. மா என்றால் விலங்கு.

மேலிருந்து கீழ் 2தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 'இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினால் பதினாறில் ஒன்று (3)'. இது அதியமானின் நான்காம் எழுத்தாகிய 'மா'வில் தொடங்குகிறது. நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் 1/20க்கு மா என்று பெயர். 1/80க்குக் காணி என்று பெயர். 1/20 என்பது 4/80, அதனோடு 1/80ஐக் கூட்டினால் 5/80, சுருக்கினால் 1/16. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/16க்குத் தமிழர் வைத்த பெயரே அந்தக் கூட்டல் கணக்குதான்! வீசம் என்றும் அதைச் சொல்வதுண்டு. பதினாறில் ஒன்று என்ற பின்னத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அது எவ்வாறு உண்டானது என்பதும் விளங்கிவிடுகிறது. இதைப் பள்ளியில் எனக்கு யாரேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் பின்னக் கணக்கின்மேல் அந்த வயதிலேயே ஆசை பிறந்திருக்கும். காவிரிப் படுகையில் நிலத்தை இன்றும் மாக்கணக்கில் சொல்கிறார்கள். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆகவே அங்கேயும் மா என்பது இருபதில் ஒன்றாகவே நிற்கிறது.

மாகாணியின் கடைசி எழுத்தான 'ணி'யைத் தொட்டுச் செல்கிறது இடமிருந்து வலம் 3: 'நகையோடு இருபதில் ஒரு பங்கு சேர்ந்ததும் உருவம் சிறுத்துவிடும் (3)'. என் கணிப்பில் இன்றைய புதிரின் மிகச் சிறந்த குறிப்பு இதுவே. நகை என்றால் அணி. இருபதில் ஒரு பங்கு என்ன என்பதைச் சற்று முன்னர்தான் கற்றுக்கொண்டோம். அணியும் மாவும் சேர்ந்தால் அணிமா. எட்டுச் சித்திகளில் உடலை அணுவளவாகச் சிறுக்கச் செய்வது அணிமா. மகிமா, லகிமா, கரிமா ஆகியவையும் அந்த வரிசையில் வருபவை. வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லில் 'மா' என்ற ஈற்றுக்குத் தமிழில் தனிப்பொருள் கிடையாது. ஆசிரியர் அதைத் தமிழ்ப் பின்னமாக்கிப் பொருள் ஏற்றியிருக்கிறார், அதுவும் முந்தைய குறிப்பில் நமக்கு அந்தப் பின்னத்தைச் சொல்லிக்கொடுத்த கையோடு.

இதுவரை நான்கு விடைகள். ஒன்றில்கூட மாம்பழம் இல்லை. அப்போதாவது நான் என் முடிவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றிக்கொள்ளவில்லை.

மேலிருந்து கீழ் 4, அணிமாவின் 'மா'வில் தொடங்குகிறது: 'எறும்புக்கு விருந்து, வாசலுக்கு அழகு (5)'. முதலெழுத்து மா, மொத்தம் ஐந்து எழுத்து. மாம்பழம் என்று எழுதிவிட்டேன். மா, ம், ப, ழ, ம். எண்ணிக்கை சரியாக இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பழுக்கவைத்திருக்கும் செந்தூராவை நேற்றுதான் எறும்பு மொய்த்திருந்தது. வாசல் என்பதற்கு மாவிலைத் தோரணத்தை நினைத்துச் சமாதானம் செய்துகொண்டேன். குறிப்பில் உள்ள ஒரு சொல் விடைக்குப் பொருந்தாமல் நிற்கும்போது அதற்கு நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டால், அந்த விடை தவறு என்றே கொள்ள வேண்டும் என்று இந்தக் காணொளிகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று நானே அதைச் செய்தேன்.

தவறு உடனே பிடிபடாததற்குக் காரணம் அடுத்த விடை. இடமிருந்து வலம் 6: 'கைம்மையின் ஈறு திரிந்தால் காட்டில் திரியும் (3)'. என் மாம்பழத்தின் கடைசி 'ம்' இதன் நடு எழுத்தாக வந்து அமைந்தது. கைம்மை என்ற சொல்லின் கடைசி எழுத்தாகிய 'மை'யை 'மா' என்று மாற்றினால் கைம்மா, அதாவது கையை உடைய விலங்காகிய யானை. பழைய இலக்கியச் சொல்தான் என்றாலும் நம் மாவட்டத்துக்கு அந்த விலங்கு புதிதன்று. தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரிப் பக்கங்களில் ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் இரவெல்லாம் பரண் மேல் கண்விழித்துக் காவல் காப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஒற்றை விட்டுவிட்டுக் கைமா என்று எழுதினால் கொத்திய இறைச்சி ஆகிவிடும். தமிழ்ப் புதிரில் ஒற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு என்பதை மறவாதீர்கள்.

கைம்மாவின் 'மா'வில் வந்து முடிகிறது கீழிருந்து மேல் 7: 'நிரையும் நேரும் சேர்ந்தால் நாக்கு கூசும் (3)'. நிரைநேர் புளிமா. இதற்குப் பிறகு வருகிறேன். இப்போது எஞ்சியிருப்பது ஒரே ஒரு குறிப்பு.

இடமிருந்து வலம் 5: 'மற்போருக்கு அரசனை அழைத்தால் பழம் கிடைக்கும் (4)'. கடைசியில் ஒரு பழம் வந்ததே என்று மகிழ்ந்தேன். ஆனால் மூன்றாம் எழுத்து, என் மாம்பழத்தின்படி, 'ப'. மூன்றாம் எழுத்து 'ப'வாக வரும் நான்கெழுத்துப் பழம் எது? நீலம், ருமானி, இமாம்பசந்து, காலாப்பாடு, அல்போன்சா என்று தெரிந்த வகைகளை எல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை. இருபது நிமிடம் போயிற்று. பிறகு கட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்தேன். மற்போர் என்றால் மல். அரசன் என்றால் கோ. அழைப்பது என்றால் வா. மல், கோ, வா!

மூன்றாம் எழுத்து 'கோ'. அப்படியானால் என் 'ப' தவறு, மாம்பழமே தவறு. பழத்தைப் பழமே வெளியேற்றிவிட்டது. ஐந்து கட்டத்தில் முதலில் மா, நடுவில் கோ, முடிவில் ம் என்று பார்த்ததுமே விடை எழுந்து நின்றது: மாக்கோலம். கடைசி 'ம்' இரண்டு சொல்லுக்கும் பொது என்பதால் கைம்மா அசையாமல் இருந்தது.

எழுந்து வாசலுக்குப் போனேன். அம்மா விடியற்காலையில் போட்ட கோலம் பாதி காய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி, செவ்வாய்க்குப் பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை அதில் நனைத்து, விரல் வழியே ஒழுகவிட்டுப் போடும் இழைகோலம். மற்ற நாள்களில் கடையில் வாங்கும் கல்மாவு. குனிந்து பார்த்தால் கோலத்தின் தெற்கு மூலையில் இழை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த இடத்தில் எறும்புகள் வெள்ளைத் துணுக்குகளைக் கிள்ளி எடுத்து, படிக்கல்லின் விரிசலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கல்மாவுக் கோலத்தை எறும்பு தீண்டாது. 'எறும்புக்கு விருந்து' என்ற இரண்டே சொற்களில் இது அரிசிமாக் கோலம் என்று ஆசிரியர் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார். தோரணத்தை நினைத்துக்கொண்டிருந்த நான்தான் அதைக் கேட்கவில்லை.

இப்போது முழுக் கட்டத்தையும் பாருங்கள். இரண்டு சொற்கள் 'மா'வில் சந்திக்கும் கட்டங்கள் மூன்று. முதல் கட்டத்தில் இடமிருந்து படித்தால் மகன், மேலிருந்து படித்தால் 1/20. இரண்டாவதில் ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் அரிசிமாவு. மூன்றாவதில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மாமரம். ஒரே கட்டத்தில் ஒரே எழுத்து, எந்தத் திசையில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு பொருளாகிறது. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்தொருமொழிகளில் மாவும் ஒன்று. கருப்பொருள் புதிர் என்று சொல்லிக்கொண்டு பத்து ஆறுகளின் பெயரையோ பத்துப் பூக்களின் பெயரையோ அடுக்குபவர்கள் உண்டு, அது பட்டியல். தலைப்பில் தந்த ஓர் எழுத்தைக் குறுக்கிடும் கட்டங்களிலேயே வைத்து, இப்படிப் பொருள் மாற்றிக் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கட்டம் அமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி விட்டுவைத்த புளிமா. யாப்பிலக்கணத்தில் ஈரசைச் சீருக்கு வாய்பாடு தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். அசைகளை நினைவில் வைப்பதற்கு இனிக்கும் மாவையும் புளிக்கும் மாவையும் முன்னோர் எடுத்துக்கொண்டார்கள். 'புளி' என்பது இரண்டு குறில் இணைந்த நிரையசை. 'மா' என்பது நெடில் தனித்த நேரசை. ஆகவே நிரைநேர் புளிமா. குறிப்பும் அதையேதான் சொல்கிறது.

இதை எழுதி முடித்ததும் நம் சந்தையில் உள்ள பழங்களை அசை பிரித்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. நீலம், நேர்நேர், தேமா. செந்தூரா, நேர்நேர்நேர், தேமாங்காய். கட்டத்தில் இருக்கும் மல்கோவாவும் அதே தேமாங்காய்தான். தோத்தாபுரி என்று சொன்னால் நேர்நேர்நிரை, தேமாங்கனி. அதே பழத்தை நாம் சொல்வதுபோலப் பெங்களூரா என்று சொன்னால் நேர்நிரைநேர், கூவிளங்காய். வெளியூர்ப் பெயரில் கனியாகவும் நம் ஊர்ப் பெயரில் காயாகவும் ஒரே பழம் அலகிடப்படுகிறது. பங்கனப்பள்ளிக்கு நான்கு அசை வருகிறது. அதன் வாய்பாட்டை நீங்களே அலகிட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள், நாளைய புதிரைத் தொடங்கும் முன் சரிபார்த்துச் சொல்கிறேன்.