மலையகத்து ஈரமும் மர விமானமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது தலவாக்கலைப் பக்கம் குடியிருக்கும் என்னை, வீட்டுப் பட்டறையிலேயே கட்டக்கூடிய சிறிய மர விமானத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். மர விமானம் என்றதும், "நம்முடைய மழைக்கு அது உளுத்துப் போகாதா?" என்று கேட்பவர்களே அதிகம். கேட்க வேண்டிய கேள்விதான். மேலே விழுந்து வழிந்தோடும் மழையால் மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடும் நீர்தான் அதைக் கெடுக்கிறது. ஆகையால், மலையகத்தில் இத்தகைய விமானத்தைக் கட்டுபவர் முதற் பலகையை வாங்கும் நாளிலிருந்து அந்த நீருக்குக் கணக்கு வைத்தாக வேண்டும்.

இந்தக் கலை புதியதல்ல. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்ட் காரின் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட மர விமானத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் பலர் கட்டிவருகிறார்கள். பிரான்சில் 1948இல் பறந்த ஜோடெல் டி-9 ஒருவர் மட்டும் அமரும் சிறிய விமானம். 1960இல் பறந்த பீட் பவர்ஸின் ஃப்ளை பேபிக்கு இறக்கைகளை மடித்து வைக்கும் வசதி உண்டு. இடவசதி குறைந்த நம் லைன் வீட்டு முற்றங்களுக்கும் குறுகிய தோட்டப் பாதைகளுக்கும் அதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம்.

இறக்கையின் பாரம் முழுவதையும் ஸ்பார் எனப்படும் நீண்ட உத்திரமே தாங்குகிறது. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது சிட்கா ஸ்புரூஸ். எடைக்குத் தக்க வலுவில் அதை மிஞ்சும் மரங்கள் குறைவு. பலகையின் விளிம்போடு ஒப்பிடும்போது மரத்தின் நார் 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சரிந்து ஓடினால், அந்தப் பலகை கதிரை செய்ய உதவலாம், ஸ்பாருக்கு உதவாது. நம் மலைகளில் வளரும் பைனஸ் மரத்தைக் கொண்டு கட்டலாமே என்று சில இளைஞர்கள் கேட்பதுண்டு. விமானத்துக்கென்று தரம் பிரித்துச் சோதிக்கப்படாத மரத்தை ஸ்பாரில் வைக்கக் கூடாது. அச்சுச் சட்டம், வேலை மேசை, தாங்கு கட்டைகள் ஆகியவற்றுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட்டைப் பற்றியும் இதையே சொல்வேன். விமானப் பிளைவுட்டின் ஒவ்வொரு படலமும் குறையில்லாததாகவும், இடையிலுள்ள பசை கொதிநீரையும் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். தேயிலைப் பெட்டிக்கு அந்தத் தேவை என்றுமே இருந்ததில்லை.

இனி, ஈரத்தின் கணக்குக்கு வருவோம். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும் அறையில் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீத ஈரத்தோடு நிலைகொள்ளும். தென்மேற்குப் பருவத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் நாட்கணக்காக நிலவும் 90 சதவீத ஈரப்பதனில் அது 20 சதவீதத்தை எட்டிவிடும். பூஞ்சை பற்றுவதற்கான எல்லையும் ஏறக்குறைய அதுவே. அதே பருவத்தில் மலைத்தொடருக்கு அப்பால் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வறண்ட காற்று வீசும். ஆக, சில மணி நேரப் பயணத்திலேயே ஒரு பலகையை ஈரக் காலத்திலிருந்து வறண்ட காலத்துக்குக் கொண்டுபோய்விடலாம். நீளவாக்கில் மரம் மாறுவதே இல்லை எனலாம், அகலத்தில், அதாவது நாருக்குக் குறுக்கே, மாறும். 150 மில்லிமீற்றர் உயரமுள்ள ஸ்பார், ஈரம் 20இலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கும்போது இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் சுருங்கக்கூடும். ஈரம் ஏற ஏற வலுவும் குறைகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கொழுந்தைப் போலவே மரத்துக்கும் பதம் உண்டு, அவசரப்படுத்தினால் கெடும். வாங்கிய பலகைகளைச் சட்டங்கள் இடையிட்டு அடுக்கி, காற்றோட்டமான அறையில் வாரக்கணக்காக விட்டு, ஈரமானியால் பார்த்த பிறகே இழைக்கத் தொடங்க வேண்டும்.

நம் மலைக் குளிர் தன் வேலையைக் காட்டுவது பசையிடும்போது. ரெசோர்சினால் பசை இறுகுவதற்கு 21 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். எபொக்சி என்ற இன்னொரு பசையும் குளிரில் மிக மெதுவாகவே இறுகும். நுவரெலியாவில் தை மாத இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதற்கு வழி எளியது: ஒட்டிய இறக்கை விலாக்களைப் பலகைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டு, வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்வது. ரெசோர்சினாலுக்கு இறுக்கமான பொருத்தமும் வலுவான கிளாம்ப்பும் தேவை. எபொக்சிக்கோ அளவோடுதான் அழுத்தம் கொடுக்க வேண்டும். மிஞ்சினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுவிடும்.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே கலவையில் இரண்டு துண்டு மரங்களை ஒட்டித் தனியே வைத்து, இறுகிய பின் சுத்தியலால் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த முகம் முழுவதும் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை சரி. முகம் வழவழவென்று பளபளத்தால், அந்தக் கலவையில் ஒட்டிய அத்தனை இணைப்புகளும் ஐயத்துக்குரியவை. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற மொஸ்கிட்டோ மர விமானங்கள், 1944இல் இந்தியாவின் வெயிலிலும் மழையிலும் பசை இணைப்புகள் விட்டுப்போனதால் நிறுத்திவைக்கப்பட்டன. தேர்ச்சி பெற்ற தொழிற்சாலைகளில் கட்டப்பட்ட விமானங்களுக்கே அந்தக் கதியென்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

மரத்தை மூடும் முன் உட்புறம் முழுவதற்கும், குறிப்பாக நீரை விரைந்து உறிஞ்சும் வெட்டுமுனைகளுக்கு, இரண்டு மூன்று முறையாவது எபொக்சி வார்னிஷ் பூச வேண்டும். இறக்கைக்குள்ளும் உடலுக்குள்ளும் தடுக்கப்பட்ட ஒவ்வோர் அறையின் மிகத் தாழ்ந்த இடத்திலும் ஒரு வடிகால் துளை இருக்க வேண்டும். விமானம் நிற்கும்போது எது தாழ்ந்த இடம் என்று பார்த்துத் துளையிடுங்கள். வரைபடத்தில் தாழ்ந்திருக்கும் இடமும் வால் தரையில் ஊன்றியிருக்கையில் தாழ்ந்திருக்கும் இடமும் வேறு வேறு. குளவிகளுக்கு இந்தத் துளைகள் மிகப் பிடித்தமானவை. மண்ணால் அடைபட்ட ஒரு துளை போதும், ஒரு பருவ மழை உள்ளே தேங்கிவிடும்.

ஆண்டுப் பரிசோதனையில் விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் வேண்டாம். பார்வைத் துவாரத்தைத் திறந்தவுடன் மூக்கை வைத்துப் பாருங்கள். பூஞ்சை மணம் வந்தால் எங்கோ நீர் நிற்கிறது. பிறகு ஒரு நாணயத்தால் பிளைவுட்டைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும் ஓசை, பசை விட்ட இடத்தில் மந்தமாகிவிடும். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் இரும்பும் ஈரமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன என்று பொருள்; அந்த போல்ட்டைக் கழற்றாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

ஈரம் எஞ்சினையும் விடுவதில்லை. பெற்றோல் ஆவியாகும்போது, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்குவதால், வெளியே 15 பாகை இருக்கும் மூடுபனி நாளிலும் உள்ளே பனிக்கட்டி படிந்து எஞ்சின் நின்றுவிடலாம். சூடான காற்றை உள்ளே செலுத்தும் அமைப்பில்லாமல் இங்கே எஞ்சினைப் பூட்ட வேண்டாம்.

கட்டுவது இங்கே என்றாலும் முதற் பறப்பைத் தாழ்நிலத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிறிய எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியின்றிப் பறக்கவும் முடியாது. அதனால் கட்டத் தொடங்கும் முன்பே அவர்களோடு பேசிவிடுங்கள். இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றி, கடுகண்ணாவை வழியாக இரத்மலானைக்கு இறக்கினால், மரம் புதிய காற்றுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்கள் கழிந்த பின், ஸ்பார் போல்ட்டுகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை முறுக்கும் விசையைக் காட்டும் அளவுகோலுள்ள ஸ்பேனரால் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும்.