வேடிக்கை பார்க்க ஒரு ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கூஸ்லர் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் இது தெரியாது. கால்வாய்க் கரையில் சும்மா நின்றுகொண்டு, படகுக்காரர்கள் படும் பாட்டை வேடிக்கை பார்க்கிற ஆள் என்று பொருள். 1904-ல் வந்த ஒரு கால்வாய்க் கையேட்டின் சொல்பட்டியலில் இது இருக்கிறது. படகுக்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். நான் அந்த ரகம். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

இந்த வேலைக்கென்றே கட்டியதைப் போல ஒரு கிராமம் இருக்கிறது. ஸ்டோக் புரூவர்ன். நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில், மில்டன் கீன்ஸுக்கும் நார்தாம்ப்டனுக்கும் நடுவே இருக்கிறது. லண்டனிலிருந்து எம்-1 நெடுஞ்சாலையில் வந்தால் ஒன்றரை மணி நேரப் பயணம், போக்குவரத்து நெரிசல் மனது வைத்தால். ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. காரில் போகிறவர்கள் கட்டணம் கட்டி நிறுத்த வேண்டியிருக்கும். சில்லறையோ கைபேசியோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினோரு மணிக்குள் போய்விடுவது நல்லது.

ஊரின் நடுவே கிராண்ட் யூனியன் கால்வாய் போகிறது. ஒரு கரையில் ஓலைக்கூரை போட்ட மதுவிடுதி, எதிர்க்கரையில் பழைய தானிய ஆலை, சில அடி தூரத்தில் லாக். அவ்வளவுதான் ஊர் மையம். சுற்றுலா என்று பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, "அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை, உட்காருங்கள், ஒரு படகு வரட்டும்.

லாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கால்வாய்த் தண்ணீர் மேடு ஏறாது. ஆகவே மேட்டை ஒரு படிக்கட்டாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கம் கதவு வைத்த ஒரு தொட்டி கட்டிவிடுவார்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்தி, முன்கதவின் அடியிலுள்ள மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும். படகும் கூடவே எழும்பும். இறங்க வேண்டுமானால் இதையே தலைகீழாகச் செய்வது. மின்சாரம் எதுவும் இல்லை, கையில் ஒரு வளைந்த இரும்புச் சாவியும் முதுகு வலிமையும் போதும். ஸ்டோக் புரூவர்னில் இப்படி ஏழு லாக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மொத்தம் 56 அடி இறக்கம். ஒரு படகு ஒரு லாக்கைக் கடக்க இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்கிப் போகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து போனாலும் அதே தண்ணீர்தான் செலவு. அதனால்தான் துணைக்கு இன்னொரு படகு வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

இங்கே ஓடுவது நாரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகு. அகலம் ஏழடி, நீளமோ எழுபது அடி வரை போகும். ஒரு ரயில் பெட்டியை நெடுக்காக வெட்டித் தண்ணீரில் விட்டது போல இருக்கும். ஓட்டுகிறவர் பின்முனையில் நிற்பார், முன்முனை எங்கோ இருக்கும். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த குடும்பம் முதல் நாளே இந்த லாக்குக்கு வந்து சேர்ந்தால், கரையில் நிற்கிற நமக்கு டிக்கெட் இல்லாத நாடகம்தான். ஒருவர் கயிற்றை எறிவார், அது தண்ணீரில் விழும். இன்னொருவர் கதவைத் தள்ளுவார், நகராது. கதவின் இருபக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கேட்காமல் கதவைத் தள்ளாதீர்கள், மதகைத் தொடவே தொடாதீர்கள். தொட்டியின் மேல்முனையில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு உண்டு. தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பாகம் அதில் மாட்டிக்கொண்டால் படகு கவிழ்ந்தே போகும். அவர்களாகவே "கொஞ்சம் கை கொடுங்களேன்" என்றால், கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு அந்த ஊரில் இல்லை.

எதிரே இருக்கிற தானிய ஆலைதான் கால்வாய் அருங்காட்சியகம். 1963-ல் திறந்தார்கள். சின்ன இடம், பெரிய நகர அருங்காட்சியகங்களை மனதில் வைத்துப் போகக் கூடாது. ரோஜாப்பூவும் கோட்டையும் வரைந்த வாளிகள், கதவுகள், பித்தளைச் சாமான்கள், படகுக் குடும்பங்களின் உடைகள் எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த அறையின் அளவு. படகின் பெரும்பகுதியைச் சரக்குக்கு விட்டு, பின்னால் பத்தடிக்கு ஏழடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, அப்பா, அம்மா, பிள்ளைகள். இரவு அலமாரிக் கதவைக் கீழே இறக்கினால் படுக்கை வரும். வெளியே லாக்குக்குப் பக்கத்தில் ஒரு தராசு நிற்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டின் கிளாமர்கன்ஷயர் கால்வாயிலிருந்து கொண்டுவந்தது. படகையே எடைபோட்டு, சரக்குக்குத் தக்க சுங்கம் வாங்கிய தராசு.

எந்தச் சரக்கு என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நிலக்கரி. இந்த வழியாகக் கடைசிவரை ஓடிய ஒரு பாதை, நடு இங்கிலாந்தின் அதர்ஸ்டோன் பக்கமிருந்து லண்டன் சவுத்தாலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்குக் கரி கொண்டுபோனது. 1970-ல் அது நின்றது. இன்று நாம் சேலையும் சமோசாவும் வாங்கப் போகிற அதே சவுத்தால்தான்.

அந்தப் படகுக் குடும்பங்களுக்கு நிலையான முகவரி கிடையாது, அதனால் குடும்ப வைத்தியரும் கிடையாது, பள்ளியும் ஒழுங்காகக் கிடையாது. அவர்களுக்கு இந்த ஊரில் ஒருவர் இருந்தார். மேரி வார்ட், எல்லோருக்கும் சிஸ்டர் மேரி. கால்வாயோரத்தில் தன் வீட்டிலேயே காயத்துக்குக் கட்டுப்போட்டு, பிரசவம் பார்த்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, 1962 வரை அந்த வேலையைச் செய்தார். 1951-ல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் கொடுத்தார்கள். அந்த வீடு இன்னும் இருக்கிறது. மதுவிடுதிக்குப் போகிற அவசரத்தில் பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

மதுவிடுதியின் பெயர் போட் இன். 1877-ல் தொடங்கிப் பல தலைமுறைகள் ஒரே குடும்பம் நடத்திய இடம். குடிக்காதவர்களும் தயங்காமல் போகலாம், சாப்பாடு உண்டு, தேநீர் உண்டு. உள்ளே நார்தாம்ப்டன்ஷயருக்கே உரிய ஒரு விளையாட்டு இருக்கிறது. தோல் போர்த்திய மேசைமேல் ஒன்பது கட்டைகள் நிற்கும். தடித்த வட்டக் கட்டைகளை எறிந்து அவற்றைச் சாய்க்க வேண்டும். எறிகிற கட்டைக்கு 'சீஸ்' என்று பெயர். நான் மூன்று முறை எறிந்து ஒன்றைச் சாய்த்தேன். என் மகள் எட்டைச் சாய்த்தாள். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

ஊருக்கு வெளியே ஸ்டோக் பார்க் என்ற தோட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டின் இரண்டு மண்டபங்கள் இருக்கின்றன. கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். கட்டடக்கலையில் ஆர்வம் இல்லாதவர்கள் அந்த நேரத்தையும் கால்வாயிலேயே செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால் மலைக்கடியில் படகு போகும் சுரங்கப்பாதை இன்னும் பாக்கி இருக்கிறது. கரைப்பாதையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் வாய். நீளம் 2,813 மீட்டர். 1793-ல் தோண்டத் தொடங்கினார்கள். நிலத்தடி நீர் புகுந்து முதல் முயற்சி வீணானது. மற்ற இடமெல்லாம் முடிந்த பிறகும் இந்த ஒரு மலை மட்டும் நடுவே நின்றதால், சரக்கை இறக்கி, மலைமேல் குதிரை இழுக்கும் தண்டவாளத்தில் ஏற்றி, மறுபக்கம் மறுபடி படகில் ஏற்றினார்கள். 1805 மார்ச்சில்தான் சுரங்கம் திறந்தது.

உள்ளே குதிரை நடக்கப் பாதை வைக்கவில்லை. குதிரையை அவிழ்த்து மலைமேல் ஓட்டிப் போவார்கள். அந்தச் சாலைக்கு இன்றும் படகுக்குதிரைச் சாலை என்றே பெயர். படகை நகர்த்துவதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். முன்பக்கம் குறுக்கே பலகை வைத்து, அதில் மல்லாந்து படுத்து, சுவரில் காலால் 'நடந்து' படகைத் தள்ளுவார்கள். இருட்டில், மணிக்கணக்கில். பிறகு நீராவிப் படகுகள் வந்தன. 1861-ல் அப்படி ஒரு படகின் புகையில் உள்ளேயே இரண்டு பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1871 முதல் 1936 வரை நீராவி இழுவைப் படகுகள் மற்றவற்றை இழுத்துப் போயின. பின்னாளில் சுரங்கம் பலவீனமாகி, நடுப்பகுதிக்குக் கான்கிரீட் வளையங்கள் போட்டு, 1984-ல் திரும்பத் திறந்தார்கள். மிச்சமான ஒரு வளையத்தைச் சுரங்க வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்று படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

ஒருமுறை நாங்களும் படகு எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். வெளியே நல்ல வெயில், ஆகவே குடை எதற்கு என்று விட்டுவிட்டேன். மலைமேலிருந்து இறங்கும் காற்றுக்குழாய்களின் அடியில் தண்ணீர் கொட்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் குழாயில் சட்டை நனைந்தது, அடுத்ததில் மிச்சமும். எதிரே வேறு ஒரு படகு வந்தது, இரண்டும் ஒன்றையொன்று கடக்க அகலம் போதும். ஆனால் எனக்குக் கை நடுங்கியது. குளிராலா பயத்தாலா என்று இன்றுவரை வீட்டில் விவாதம் நடக்கிறது.

போன வாரம் கரையில்தான் நின்றேன், என் இயல்பான இடத்தில். முதலில் எஞ்சின் சத்தம் மட்டும் உள்ளிருந்து வந்தது, வெகுநேரம். பிறகு ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. அது பெரிதாகிப் பெரிதாகி, தலை நனைந்த ஒரு குடும்பத்தை வெயிலில் கொண்டுவந்து விட்டது. பின்முனையில் நின்றவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "மதுவிடுதி இன்னும் எவ்வளவு தூரம்?"

பத்து நிமிடம் என்றேன். அது நடக்கிற கணக்கு. கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது கால்வாய் மரியாதை; ஆகவே அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நான் நடந்தே போய், அவர்களுக்கு முன்பாகவே வெளிமேசையில் இடம் பிடித்துவிட்டேன்.

வணக்கம்.