ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மேடையில் இருக்கும் டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மண்டபத்தை இலவசமாகக் கொடுத்த பொருளாளர் அண்ணன் அவர்களே (கரண்டுக் காசு மட்டும் கேட்டார், அதுவும் நியாயம்தான்), பின்வரிசையில் மீ கோரேங் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், பேச்சுக்கும் அதுதான். மூன்று விஷயம் சொல்கிறேன்: இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போட்ட தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு எப்படிப் போவது, அங்கே என்ன பார்ப்பது, திரும்பி வந்து என்ன செய்வது. வழியைக் கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்கிறேன்.

அந்த ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள். ஆற்றோரம் ஒரு புத்தர் கோயிலுக்குள் ஜீத் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1977-இல் ஆரம்பித்தது. சின்ன இடம்தான். கைதிகள் முகாம் மாதிரியே மூங்கிலும் அத்தாப்பு ஓலையுமாக ஒரு நீளக் கொட்டகை, உள்ளே மூங்கில் பரண், சுவரில் படங்கள்.

எங்களோடு வந்த பாட்டி ஒருவர், அப்பாவைச் சயாம் ரயிலுக்குக் கொடுத்தவர், நேரே போய் அந்தப் பரணில் உட்கார்ந்துவிட்டார். காவலாளி ஓடிவந்து சயாம் மொழியில் ஏதோ சொன்னார். பாட்டி தமிழில், "எங்கப்பன் மாசக்கணக்கா படுத்த கட்டில்டா, நான் அஞ்சு நிமிசம் உட்காரக் கூடாதா?" என்றார். இது மாதிரிக்குக் கட்டியது பாட்டி என்று நான் சொன்னால், "நீ சும்மா இரு" என்கிறார். அவர் சயாமில், இவர் தமிழில், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே நல்ல சண்டை! கடைசியில் காவலாளியே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பாட்டி உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா பேரு எங்கே எழுதியிருக்கு, கேளு" என்றார்.

எங்கே எழுதியிருக்கும்? 415 கிலோமீட்டர் பாதை, இரண்டு முனையிலிருந்தும் போட்டு 1943 அக்டோபரில் இணைத்தார்கள். நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களிடம் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் குறித்து வைத்தார்கள், அதனால் இன்று கல்லறையில் பெயர் இருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை நின்றுபோய், நல்ல சம்பளம் என்று நம்பி ஏறிய நம் தமிழ் ஆட்களுக்கு யார் குறித்தார்கள்? மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர் எல்லாம் சேர்த்து ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்! காலராவில் கும்பல் கும்பலாகப் போனவர்களை யார் எண்ணினார்கள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், டத்தோ அவர்களே, இவர்களை அளக்காமலே போட்டுவிட்டார்கள்.

அருங்காட்சியகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, இல்லாத பட்டியலை அவர்கள் எங்கிருந்து தொங்கவிடுவார்கள்? பட்டியல் நம் வீட்டில் இருக்கிறது. தோட்டமெல்லாம் துண்டாடி வீடமைப்பு ஆகிக்கொண்டிருக்கிறது, கேட்டுச் சொல்லக்கூடிய கிழவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். போனவர் பெயர், அவர் அப்பா பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பினாரா, இவ்வளவு போதும். முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள்.

நோட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து யாரும் அறுத்துக்கொண்டு போக வேண்டாம். பேருந்துச் செலவைப் பற்றி டத்தோ இப்போது இரண்டு வார்த்தை சொல்வார். நன்றி, வணக்கம்.