பிப்ரவரி 29-ல் பிறந்த என் மகளும் மாசி 17-ம்

எல்லாருக்கும் வணக்கம். கையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். 2024 தினசரி காலண்டரில் கிழித்தது. நடுவில் பெரிதாக 29, வியாழக்கிழமை, மேலே பிப்ரவரி, கீழே சோபகிருது வருடம் மாசி 17, அதற்கும் கீழே ராகு காலம் 1.30 முதல் 3 வரை. மற்ற தாள்களெல்லாம் கடலை மடிக்கவும் கணக்கு எழுதவும் போய்விட்டன, இதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். என் மகள் 2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை பிறந்தாள். நாலு வருடம் கழித்து அவளுக்கு முதன்முதலாக வந்த பிறந்தநாள் தாள் இது.

பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் ஒருவர், "28 என்று எழுதிக்கொள்ளலாமே, பின்னாடி குழந்தைக்குத்தான் சிரமம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் பிள்ளை பிறந்த நாளை மாற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஒரு ஆன்லைன் விண்ணப்பத்தில் தேதியைப் போட்டால் "தவறான தேதி" என்று சிவப்பில் வந்தது. மூன்று தடவை போட்டும் அதேதான். என் பிள்ளை தவறான தேதியில் பிறந்தாளா? அந்தக் கோபத்தில்தான் இந்த லீப் வருடத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அடிப்படை எல்லாருக்கும் தெரியும். பூமி சூரியனைச் சுற்றி வர 365 நாளும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமும் ஆகிறது, அந்த ஆறு மணி நேரம் நாலு வருடத்தில் ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். ஜூலியஸ் சீசர் பொ.ஆ.மு. 46-ல் ரோமின் நாள்காட்டியைச் சீர்திருத்தினார், அதுவரை சேர்ந்த பிசகைச் சரிக்கட்ட அந்த ஒரு வருடத்தை மட்டும் 445 நாளாக நீட்டினார்கள். அப்போது கூடுதல் நாளை மாதக் கடைசியில் சேர்க்கவில்லை, பிப்ரவரி 24-ஐ இரண்டு தடவை எண்ணினார்கள். 29 என்ற எண்ணே அன்றைக்கு இல்லை! சீசர் இறந்த பிறகு பூசாரிகள் தப்பாக எண்ணி மூன்று வருடத்துக்கு ஒரு லீப் நாள் வைத்துவிட, அகஸ்டஸ் வந்து சில லீப் நாட்களை விட்டுவிடச் சொல்லி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆனால் சரியாக ஆறு மணி நேரமும் கிடையாது, சுமார் 11 நிமிடம் குறைவு. அது 128 வருடத்துக்கு ஒரு நாளாகச் சேர்ந்து, 1582-க்குள் வசந்த காலம் தொடங்கும் நாள் மார்ச் 21-லிருந்து 11-க்கு வந்துவிட்டது. போப் கிரிகோரி அந்த அக்டோபரில் பத்து நாளை எடுத்துவிட்டார், அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. ஸ்பெயினில் அவிலா தெரசா என்ற கிறிஸ்தவப் புனிதர் இறந்தது சரியாக அந்த ராத்திரியில். அதனால்தான் அவருடைய திருநாள் அக்டோபர் 15-ல் வருகிறது. இனிமேல் பிசகக் கூடாது என்று, நூற்றாண்டு வருடத்தை 400-ஆல் வகுத்தால் மீதி வராமல் இருந்தால் மட்டும்தான் லீப் என்று விதி போட்டார்கள். 2000 லீப், 1900 இல்லை, 2100-ம் இல்லை. என் மகளுக்கு 80 வயதாகிற வருடம் 2100. சதாபிஷேக வயதில் அவளுக்கு 29 வராது.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஸ்வீடனுடையது. ஒரே அடியாக நாட்களை எடுத்தால் குழப்பம் என்று, 1700-லிருந்து 1740 வரை வரும் 11 லீப் நாட்களையும் விட்டுவிடலாம், மெதுவாகப் புதுக் கணக்குக்குப் போய்ச் சேரலாம் என்று திட்டமிட்டார்கள். 1700-ல் சொன்னபடி விட்டார்கள். அதற்குள் பெரிய போர் வந்துவிட்டது, 1704-லும் 1708-லும் மறந்துபோய் லீப் நாளை வைத்துவிட்டார்கள். இப்போது பழைய கணக்கோடும் ஒட்டவில்லை, புதுக் கணக்கோடும் ஒட்டவில்லை, பக்கத்து நாடு எதனோடும் தேதி பொருந்தாது. கடைசியில் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பழைய கணக்குக்கே திரும்பிவிடலாம் என்றார். அதற்கு ஒரு நாள் குறைந்தது, 1712-ஓ லீப் வருடம், அதனால் 29-க்குப் பிறகு இன்னொரு நாளும் சேர்த்தார்கள். பிப்ரவரி 30! ஒரு நாடே அந்தத் தேதியில் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போயிருக்கிறது. பிறகு 1753-ல் பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1 என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள். தவறான தேதி என்று என்னிடம் சொன்ன அந்தச் சிவப்பு எழுத்தை அப்போதுதான் மறந்தேன்.

அயர்லாந்தில் 29 அன்று பெண்கள் தாங்களே ஆணிடம் கல்யாணம் பேசலாம் என்று ஒரு வழக்கம் உண்டு, பிரான்சில் 1980-லிருந்து இந்தத் தேதியில் மட்டும் வெளிவரும் பத்திரிகை ஒன்றும் இருக்கிறது. இன்னும் நிறைய இருக்கிறது, நான் நம்ம ஆட்களிடம் வருகிறேன்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் இல்லை என்பதால் எட்டு வருடம் கழித்து 1904-ல்தான் அவருக்கு முதல் 29 வந்தது. அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார், பிற்பாடு கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1977-ல் பிரதமராக இருந்த மொரார்ஜி, ஜனாதிபதி பதவிக்கு உங்களை நிறுத்துகிறேன் என்று அவரைத்தான் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். இதைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன்.

சரி, இந்தத் தாளை மறுபடி பாருங்கள். மாசி 17. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசிக்குள் நுழைவதை வைத்துப் பிறக்கிறது, அதனால் ஆடி 31 நாளாகவும் வரும், 32 ஆகவும் வரும், மார்கழி 29-ம் வரும், 30-ம் வரும். மிச்சமாகும் அந்தக் கால் நாள் மாதங்களுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு நாளை ஒதுக்குவதில்லை. பொங்கல் ஜனவரி 14, 15 என்று மாறி மாறி வருவதும் இதனால்தான். என் மகள் பிறந்த அன்றும் மாசி 17. மாசியில் 17 இல்லாத வருடமே கிடையாது! 2021, 22, 23 மூன்றிலும் அது மார்ச் 1-ல் வந்திருக்கிறது. நாங்கள் 28-ஆ 1-ஆ என்று வருடா வருடம் பேசிப் பேசித் தீராத விஷயம், இந்தத் தாளில் சின்ன எழுத்தில் அப்போதே எழுதியிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் மாசி 17-க்குத்தான் பாயசம். 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை வருகிறது, அன்று மாசி 17-ம் அதே நாள். அவளுக்கு எட்டு வயது முடியும், மொரார்ஜிக்கு முதல் 29 வந்த அதே வயது.