லேபிளை நம்பாதீங்க, கட்டைவிரலைப் பாருங்க! | வலது கையில் பிடிக்கும் ஐஸ் ஹாக்கி கோலிக்கு எந்த கிளவ்?

(திரையில்: ஒரு கேட்சிங் கிளவ் போட்டோ, உள்ளங்கைப் பக்கம் நம்மைப் பார்த்து, விரல்கள் மேலே)

"லெஃப்ட் ஹேண்ட் கோலி கிளவ், ரெண்டு தடவைதான் போட்டது, விலை பேசலாம்."

இப்படி ஒரு விளம்பரம் வருதுன்னு வைங்க. இதை எந்தக் கையில மாட்டணும்? இடது கையிலயா? இல்ல, இடக்கைக்காரங்க தங்களோட வலது கையில மாட்டுற கிளவா? ரெண்டு அர்த்தத்திலயும்தான் ஆளுங்க எழுதுறாங்க. தப்பாப் புரிஞ்சிக்கிட்டுப் பணம் கட்டினா, கனடாவிலேருந்து கப்பலேறி வந்த கிளவ் உங்க வீட்டு ஷோகேஸுக்குத்தான் ஆகும்.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம மலேசியாவுல பள்ளிக்கூட ஹாக்கி ஆடி வளர்ந்த ஆளுக்கு, சோத்துக்கை வலது கையாவே இருந்தாலும், வலது கையில மாட்டுற இந்த "எதிர்க்கை" கிளவ் பொருந்த வாய்ப்பு இருக்கு. அது எப்படின்னு வர்றேன், ஓடிடாதீங்க.

முதல்ல அடிப்படை, அரை நிமிஷம். கோலின்னா கோல்கீப்பர். திண்ணையில உருட்டுற கோலியும் இல்ல, கிரிக்கெட் கோலியும் இல்ல. ஐஸ் ஹாக்கி கோலிக்கு ஒரு கையில பக்கை, அதாவது பனியில வழுக்கி ஓடுற ரப்பர் வட்டைப் பிடிக்கிற கேட்சிங் கிளவ். இன்னொரு கையில பிளாக்கர், அதாவது முன்னால தட்டையான பலகை வெச்ச கையுறை. மட்டையும் அந்தக் கையிலதான். இடது கையில கிளவ், வலது கையில பிளாக்கர்னா அது "ரெகுலர்". வலது கையில கிளவ், இடது கையில பிளாக்கர்னா அது "ஃபுல் ரைட்". கடையில கேக்க வேண்டிய வார்த்தை இதுதான், ஃபுல் ரைட். "லெஃப்டி கிளவ் இருக்கா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

ஃபுல் ரைட் ஆளுங்க குறைச்சல், ஆனா சாதாரண ஆளுங்க இல்ல. டோனி எஸ்போசிட்டோ, கிராண்ட் ஃபுர், டாம் பராசோ மூணு பேருமே வலது கையில பிடிச்சவங்க. 1940கள்ல மான்ட்ரியால்ல ஆடின பில் டர்னன் இன்னும் ஒரு படி மேல. ரெண்டு கைக்கும் ஒரே மாதிரி கிளவ் போட்டுக்கிட்டு, ஆட்டத்து நடுவுல மட்டையைக் கை மாத்திக்குவாராம். அடிக்க வர்றவனுக்கு எந்தப் பக்கம் குறி வைக்கிறதுன்னே தெரியாது. இதுக்கு மட்டும் தனியா ஒரு வீடியோ போடலாம், வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.

சரி, நீங்க ஃபுல் ரைட்டா? எழுதுற கையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம வீடுகள்ல "பீச்சாங்கையால வாங்காதே"ன்னு அதட்டி அதட்டியே எத்தனையோ பிள்ளைங்க வலது கையால எழுதவும் சாப்பிடவும் பழகியிருக்கு. ஆனா கல்லெடுத்து மாங்காய்க்கு எறியச் சொல்லுங்க, இடது கை தானா மேல போகும். எறியற கைதான் உண்மை பேசும், பிடிக்கிறது பெரும்பாலும் அதுக்கு எதிர்க்கை.

சோதனை சுலபம். சுவத்துலேருந்து மூணு மீட்டர் தள்ளி நில்லுங்க. டென்னிஸ் பந்தை எறிஞ்சு, திரும்பி வர்றதை ஒரே கையால பிடிக்கணும். வலது கையால 50, இடது கையால 50. எத்தனை தவறிச்சுன்னு எண்ணுங்க. வெறும் எண்ணிக்கையோட நிக்காதீங்க, இடுப்புக்குக் கீழ வர்ற பந்தைத் தனியா கவனிங்க. தோளுக்கு மேல வர்றதை எந்தக் கையும் சமாளிச்சிடும். கீழ வர்றப்போ மணிக்கட்டைத் திருப்பி விரலைத் தரையைப் பார்க்க வைக்கணும், பழகாத கை அங்கதான் தடுமாறும்.

இப்ப நான் சொன்ன அந்த ஹாக்கி விஷயம். எனக்கு இந்த வீடியோவுலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

புல்தரை ஹாக்கி மட்டையைக் கையில எடுங்க. எந்தக் கை மேல? இடது கை. உலகத்துல யார் எடுத்தாலும் இடது கைதான் மேல, வலது கை கீழ. ஏன்னா அந்த ஆட்டத்துல இடக்கை மட்டையே கிடையாது. மட்டையோட தட்டையான முகம் இடது பக்கம் மட்டும்தான், விதி அப்படி. 1975ல உலகக் கோப்பையை கோலாலம்பூர்லயே நடத்தி நாலாவது இடம் பிடிச்ச நாடு நாம. அந்தப் பிடி நம்ம பிள்ளைங்க கையில ஊறிக் கிடக்கு.

ஐஸ் ஹாக்கியில அப்படி இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் மட்டை உண்டு. கோலி பக்கைத் தள்ளிவிடவோ தூக்கி அடிக்கவோ மட்டையை ரெண்டு கையால பிடிக்கிறப்போ, பிளாக்கர் கை மேல நுனிக்குப் போகும், கிளவ் கை கீழ வரும். ரெகுலர் கோலிக்கு வலது கை மேல, இடது கை கீழ. பள்ளிக்கூட ஹாக்கிப் பிடிக்கு நேர் தலைகீழ்! ஃபுல் ரைட் கோலிக்கு இடது கை மேல, வலது கை கீழ. நம்ம பழக்கம் அச்சு அசலா அதேதான்.

ஆக, பத்து வருஷம் நடுக்களத்துல ஹாக்கி ஆடின ஒருத்தர் சன்வே பிரமிட் மால்ல பனிச்சறுக்குக் கத்துக்கிட்டு ஐஸ் ஹாக்கிக்கு வந்து, கோல்ல நிக்கிறார்னு வைங்க. ரெகுலர் செட்டை மாட்டிவிட்டா, வலைக்குப் பின்னால போய் பக்கை எடுத்துத் தள்ளுறப்போ சோத்தை இடது கையால அள்ளுற மாதிரி தவிப்பார். அவரைக் குறை சொல்லாதீங்க, பிடி மாறியிருக்கு, அவ்வளவுதான்.

உடனே எல்லாரும் ஃபுல் ரைட் வாங்கக் கிளம்பிடாதீங்க. இதுல ஒரு முடிச்சு இருக்கு. அதே பள்ளிக்கூட ஹாக்கியில நீங்க கோல்கீப்பரா நின்னிருந்தா கதை வேற. அங்க கோல்கீப்பர் மட்டையை வலது கையில வெச்சுக்கிட்டு, இடது கைத் தடுப்பால பந்தைத் தட்டிவிடுவார். அந்தப் பழக்கம் ரெகுலருக்குத்தான் சரி. என் கணக்கு இது: பிடிக்கிற சோதனைக்கு மூணு பங்கு மதிப்பு, மட்டைப் பிடிக்கு ஒரு பங்கு. கோலியோட முதல் வேலை பக்கை நிறுத்தறது. ரெண்டு கையும் சமமாப் பிடிக்குதுன்னா மட்டும் மட்டைப் பிடி முடிவு பண்ணட்டும்.

(திரையில்: மறுபடி அந்த கிளவ் போட்டோ)

இப்ப லேபிள் விவகாரம். வலது உள்ளங்கையை முகத்துக்கு முன்னால தூக்குங்க. உள்ளங்கை உங்களைப் பார்க்கணும், விரல்கள் மேல. கட்டைவிரல் எந்தப் பக்கம்? வலது பக்கம். இதுதான் மந்திரம். போட்டோவுல கிளவோட பாக்கெட் (பக் வந்து விழுற பை) வாய் உங்களைப் பார்த்து, விரல்கள் மேல இருந்து, கட்டைவிரல் வலது பக்கம் இருந்தா அது வலது கை கிளவ், ஃபுல் ரைட். இடது பக்கம் இருந்தா ரெகுலர். முதுகுப் பக்கத்தைக் காட்டின போட்டோன்னா அப்படியே தலைகீழ். குழம்பினா உங்க கையையும் அதே மாதிரி திருப்பிப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இன்னொரு பொறி. செல்ஃபி கேமராவுல எடுத்த போட்டோ சில சமயம் கண்ணாடி பிம்பமாத் திரும்பியிருக்கும். கிளவ் மேல இருக்கிற கம்பெனி பேரைப் படிங்க. எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறியிருந்தா கட்டைவிரலும் பொய் சொல்லுது.

"எந்தக் கையா இருந்தா என்ன, திருப்பி மாட்டிக்கலாமே"ன்னு கேக்கலாம். முடியாது. இடது கை கிளவை வலது கையில நுழைச்சா, கட்டைவிரல் இடம் சேரணும்னா பாக்கெட் உங்க புறங்கைப் பக்கம் போயிடும். உள்ளங்கையை முன்னால காட்டினா பாக்கெட் கோல் வலையைப் பார்க்கும், பக் முதுகுப் பக்கம் வந்து மோதும்.

பேஸ்பால் கிளவ்ல லேபிள் இன்னும் மோசம். அங்க "லெஃப்ட் ஹேண்ட் த்ரோ"ன்னா இடது கையால எறியறவருக்கு, அதாவது வலது கையில மாட்டுறது. இதை ஏன் சொல்றேன்னா, ஐஸ் ஹாக்கி கிளவோட பூர்வீகமே பேஸ்பால்தான். எமில் ஃபிரான்சிஸ்ங்கிற கோலி 1940கள்ல பேஸ்பால்ல "ஃபர்ஸ்ட் பேஸ்" இடத்துல நிக்கிற ஆட்டக்காரரோட கிளவ்ல மணிக்கட்டுக் காப்பைத் தெச்சு மாட்டிக்கிட்டு வந்து நின்னார். கார் பார்க்குல பிளாஸ்டிக் பந்து வெச்சு ஆட இன்னிக்கும் அந்த மாதிரி கிளவ் போதும். பனியில வேணாம். பக் 156லேருந்து 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர், அதையும் குதிக்காம இருக்க உறைய வெச்சுத்தான் ஆட்டத்துக்கு எடுப்பாங்க. பேஸ்பால் கிளவ்ல மணிக்கட்டு திறந்து கிடக்கும்.

கை முடிவாயிடுச்சா? கிளவ் மட்டும் வாங்கினா ஆகாது. பிளாக்கரும் ஃபுல் ரைட், மட்டையும் ஃபுல் ரைட். மட்டையோட வளைவும் பக்கம் பார்த்துத்தான் வரும். தவறான வளைவுல பக்கைத் தள்ளினா முகம் வெளிப்பக்கம் திரும்பி, பக் எதிராளி காலடிக்குப் போகும். கால் பேட், நெஞ்சுக் கவசம், ஸ்கேட் இதெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அங்க காசு மிச்சம்.

கிளவைக் கையில எடுத்தா முதல்ல பார்க்க வேண்டியது மடிப்பு. கடைக்காரங்க 60, 75, 90 டிகிரின்னு எண் சொல்வாங்க. எண்ணை விடுங்க, கிளவ் எங்க மடியுதுன்னு பாருங்க. ரொட்டி சானாய் பிய்க்கிறப்போ கட்டைவிரலும் விரல் நுனியும் சேருமே, அப்படி மூடுறது ஒரு ரகம். சாப்பிட்டு முடிச்சு வாழையிலையை மடிக்கிற மாதிரி உள்ளங்கை முழுக்க மடியறது இன்னொரு ரகம். வெறுங்கையால ஒரு பந்தை இறுக்கிப் பாருங்க, உங்க கை எப்படி மூடுதோ அதே ரகத்தை எடுங்க. ஃபுல் ரைட்ல தயாரா இருக்கிற சரக்கு கம்மி, பல கடையில ஒரே ஒரு மடிப்புதான் இருக்கும். நிறம் அழகா இருக்குன்னு ஒத்துவராத மடிப்பை வாங்கினா ஒவ்வொரு பக்கும் கிளவுக்குள்ள வந்து எட்டிப் பார்த்துட்டு வெளிய போகும். காத்திருந்து ஆர்டர் கொடுக்கிறதே மேல்.

அடுத்து தரம். புரோ ரகம் கல்லு மாதிரி இருக்கும், 500 அமெரிக்க டாலரைச் சுலபமாத் தாண்டும். வாரம் ஒரு தடவை ஆடுறவருக்கு அது பழகவே மாசக்கணக்காகும். புதுசா ஆரம்பிக்கிறவங்க, சின்னக் கை உள்ளவங்க இன்டர்மீடியட் அளவைப் போட்டுப் பாருங்க. எடை குறைவு, சீக்கிரம் மூடும். பாதுகாப்பும் கம்மிதான், வேகமா அடிக்கிற பெரியவங்களோட ஆடுறதா இருந்தா சீனியர் அளவுதான் சரி.

பாக்கெட்டைத் தாங்குற T வடிவப் பட்டை ஒண்ணா ரெண்டாங்கிறதை வெச்சு சிங்கிள் டி, டபுள் டின்னு ரெண்டு ரகம். டபுள் டி விறைப்பா வடிவம் காக்கும், சிங்கிள் டி ஆழமா விழுங்கும். பிடிச்ச பக் வெளிய குதிக்குதுன்னு அழுகிறவங்க சிங்கிள் டி எடுங்க. உள்ளங்கைப் பஞ்சை ஆங்கிலத்துல "பாம்" (palm) னு சொல்வாங்க: கேம் பாம் மெலிசு, பிராக்டிஸ் பாம் தடிமன். ரொம்பப் பழைய கிளவ் கிடைச்சா டேப் வெச்சு ஓரமாச் சுத்தி அளங்க. சுற்றளவு 45 இஞ்சுக்கு மேல போனா போட்டியில மாட்ட விடமாட்டாங்க. பழசுல இன்னும் மூணு இடம் பாருங்க: கட்டைவிரல் பிளாஸ்டிக் விரிசல், உள்ளங்கைத் தோல் கிழிசல், உள்ளே விரல் உறை பிரிஞ்சிருக்கான்னு. பாக்கெட் கயிறு அறுந்திருந்தா மட்டும் பயப்படாதீங்க, ஸ்கேட் லேஸ் வாங்கி நீங்களே கட்டிக்கலாம்.

வெளிநாட்டுலேருந்து வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. 500 ரிங்கிட்டுக்குள்ள வர்ற ஆன்லைன் சரக்குக்கு 2024 ஜனவரி 1லேருந்து 10 விழுக்காடு விற்பனை வரி. கிளவும் பிளாக்கரும் சேர்ந்தா 500ஐத் தாண்டிடும், அப்ப சுங்கத்துல கணக்குப் பார்ப்பாங்க. திருப்பி அனுப்புற செலவு தனி, அதனாலதான் கட்டைவிரலை முன்னாடியே பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன்.

பழக்குறது எப்படி? டிவி பார்க்கிறப்போ மாட்டிக்கிட்டு தினம் நூறு தடவை மூடித் திறங்க. ராத்திரி பாக்கெட்டுல ரெண்டு பக்கை வெச்சு, மடிப்பு சரியான இடத்துல விழுறாப்ல மூடி, பெல்ட்டால இறுக்கிக் கட்டி வைங்க. மடிப்பு கோணலா விழுந்து ஒரு வாரம் ஆயிட்டா அப்புறம் நிமிர்த்துறது கஷ்டம், அதனால முதல் ராத்திரியே ஒழுங்காக் கட்டுங்க. ஓவன் அடுப்புல வைக்காதீங்க, வெந்நீர்ல முக்காதீங்க. பசை இளகி உள்ள இருக்கிற பஞ்சு இடம் நகர்ந்துடும்.

நம்ம ஊர்ல பெரிய எதிரி புழுக்கம். பனிக்கூடத்துலேருந்து ஈரக் கிளவோட வெளிய வந்து, கார் பூட்ல போட்டு மூடிட்டு மாமாக் கடையில தே தாரிக் குடிக்கப் போயிடுறாங்க. நாலு நாள் கழிச்சுத் திறந்தா பூஞ்சணம் வரவேற்கும். வீட்டுக்கு வந்ததும் பட்டையெல்லாம் அவிழ்த்து, விரல் பக்கம் மேல நிக்கிற மாதிரி வெச்சு, உள்ள காத்து போறாப்ல மின்விசிறியைத் திருப்பிவிடுங்க. வெயில்ல காயப் போட்டா தோல் வெடிச்சிடும்.

(திரையில்: முதல் போட்டோ, பெரிதாக)

இப்ப நம்ம "லெஃப்ட் ஹேண்ட்" விளம்பரத்துக்கு வாங்க. பாக்கெட் உங்களைப் பார்க்குது, விரல் மேல. கட்டைவிரல் வலது பக்கம். "ஆஹா, ஃபுல் ரைட்"னு ஆர்டர் பட்டனுக்குப் போயிட்டீங்களா? மணிக்கட்டு மேல இருக்கிற எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் படிச்சுப் பாருங்க. படிச்சவங்க விடையைக் கமெண்ட்ல போடுங்க, மத்தவங்க ஒரு தடவை பின்னால தள்ளிப் பார்த்துட்டு வாங்க.