பாப்பா யார் சாயல்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சபையில், பதினைந்து வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கடவுள் படைத்த இத்தனை உயிர்களில் மனிதன் எதனால் தனித்து நிற்கிறான்? இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எந்த வகுப்பில் கேட்டாலும், "நமக்கு ஆறறிவு டீச்சர்!" என்று பதில் வரும். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி, "மக்கள் தாமே ஆறறி வுயிரே" என்று தொல்காப்பியர் சொன்ன வரிசை நம் பிள்ளைகளின் நாக்கு நுனியில் இருக்கிறது. நானும் பல வருடம் அதோடு பாடத்தை முடித்திருக்கிறேன். நாம் சிந்திக்கிறோம், பேசுகிறோம், அதனால் உயர்ந்தவர்கள். சரி, ஜெபிப்போம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு ஞாயிறு, ஒன்பது வயதுப் பையன் எழுந்தான். "எங்க பாப்பா பேச மாட்டா டீச்சர். நாம சொல்றதும் அவளுக்குப் புரியாது. அவளுக்கு எத்தனை அறிவு?" பாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. அவனுடைய ஸ்வெட்டரில் தொங்கிய ஒரு நூலைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை எடுத்து மெதுவாகப் படித்தேன். காட்டு மிருகங்களும் நாமும் படைக்கப்பட்டது ஒரே நாளில், ஆறாம் நாளில். இரண்டாம் அதிகாரத்தில் நம்மையும் மண்ணிலிருந்துதான் உருவாக்குகிறார், மிருகங்களையும் மண்ணிலிருந்துதான். நம்மைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிற ஒரு சொல் உண்டு: சாயல். "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்." கெட்டிக்காரர்களுக்கு மட்டும், பேசுகிறவர்களுக்கு மட்டும் என்று அங்கே எந்த நிபந்தனையும் இல்லை.

சாயல் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். தொட்டிலில் குழந்தையைப் பார்த்ததும் முதல் பேச்சே அதுதானே? "கன்னத்துக் குழி அப்பா சாயல், நெற்றி அப்படியே பாட்டி." அந்தக் குழந்தை அதுவரை ஒன்றுமே செய்திருக்காது. பேசியிருக்காது, எண்ணியிருக்காது, ஒரு பரிசும் வாங்கியிருக்காது. பிறக்கும்போதே கூட வந்த சாயல் அது.

அடுத்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "பாப்பா யார் சாயல்டா?" என்று கேட்டேன். "எங்க பாட்டி." "அவ பேசாததால அந்தச் சாயல் குறைஞ்சிடுச்சா?" அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "இல்லையே டீச்சர்."

மிருகங்களைத் தாழ்த்தி மனிதனை உயர்த்துகிற பழக்கத்தையும் அதோடு விட்டேன். குளிர்காலத்தில் நம் ஓடையோரம் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிற வாலாட்டிக் குருவி இமயமலைப் பக்கத்திலிருந்து வழி கேட்காமல் வந்து சேருகிறது. தேயிலைத் தோட்டத்தில் காட்டு மாடு தன் கன்றை மறைத்து நிற்பதைப் பிள்ளைகளே தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். அறிவும் பாசமும் அவற்றுக்கும் உண்டு. ஆனால் ஏதேன் தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" கடவுள் வைத்தது மனிதனைத்தான். காட்டு மாடு போகிற வழியில் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு நாம் தேவசாயல் என்று பாடினால் அது பொய்ப்பாட்டு. இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனோடு இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த பாப்பாவின் பெயர் என் வருகைப் பதிவேட்டில் இல்லை. அண்ணனோடு சும்மா வருகிற குழந்தைதானே என்று நான் எழுதாமலே விட்டிருந்தேன். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்ற ஏசாயாவின் வசனத்தை அதே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான்.

இப்போது அவள் பெயர் பதினெட்டாவது. பதினேழைக் கூப்பிடும்போதே அண்ணன் தயாராகிவிடுவான். அவள் பெயர் வந்ததும் அந்தச் சின்னக் கையைப் பிடித்து உயரத் தூக்குவான். "உள்ளேன் டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும்.