சம்பளம் கூடிவிட்டால் வீட்டைக் காலி செய்யணுமா?

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பீர்கள். கை நிறையச் சம்பாதிக்கிறவனுக்கு எதற்கு அரசின் மலிவு வாடகை வீடு, பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று. நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் இதைத் திட்டமாகப் போட்டுப் பார்த்தவர்களின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2016-இல் இதற்காகச் சட்டமே கொண்டுவந்தார்கள். கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மலிவு வாடகைக்கு விடும் வீட்டில், இருக்கும் குடும்பத்தின் வருமானம் லண்டனில் வருஷத்துக்கு 40,000 பவுண்டையும், மற்ற ஊர்களில் 31,000 பவுண்டையும் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு பவுண்டுக்கும், அதாவது நூறு பென்ஸுக்கு, 15 பென்ஸ் வாடகை ஏறும், வெளி வாடகையைத் தொடும் வரை. இதுதான் திட்டம். இப்போது லண்டனுக்கு வெளியே ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20,000 பவுண்டு. இவர்களைப் பணக்காரர் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் 40,000, வரம்பைவிட 9,000 அதிகம், ஆக வருஷத்துக்கு 1,350 பவுண்டு கூடுதல் வாடகை. அப்புறம் அந்த அம்மா ஓவர்டைம் பார்த்து ஒரு பவுண்டு சம்பாதித்தால், அன்றைய கணக்கில் வரிக்கும் காப்பீட்டுக்கும் 32 பென்ஸ், வாடகைக்கு 15 பென்ஸ், மொத்தம் 47 பென்ஸ் கைக்கே வராது. பிறகு எதற்கு ஓவர்டைம்?

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. கவுன்சில்கள் வசூலிக்கிற அந்தக் கூடுதல் வாடகையை மத்திய கருவூலத்துக்குக் கட்டிவிட வேண்டும் என்றார்கள். அந்தப் பணத்தில் அதே ஊரில் புது வீடு கட்ட வழியில்லை என்றால், காத்திருக்கிறவனுக்கு இதனால் என்ன லாபம்? எதிர்ப்பு வலுத்து, அதே வருஷம் நவம்பரில் கட்டாயத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஹாங்காங்கில் இந்த மாதிரி விதி 1987-லிருந்தே இருக்கிறது. பத்து வருஷம் குடியிருந்த பிறகு வருமானத்தைக் காட்ட வேண்டும், அது வரம்பைப்போல எத்தனை மடங்கோ அதற்கேற்ப வாடகையும் மடங்கு கணக்கில் ஏறும். அங்கே நடந்தது என்ன தெரியுமா? பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் குடும்பக் கணக்கு ஏறிவிடும், அதனால் பிள்ளையைத் தனியே போகச் சொல்லி, வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிற நிலைமை வந்தது. வயதானவர்கள் தனியாக நின்றார்கள்.

வியன்னாவில் வேறு வழி. நகராட்சிக்கே சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. உள்ளே வரும்போது வருமானம் பார்ப்பார்கள், வரம்பும் தாராளமாகத்தான் இருக்கும், அப்புறம் சம்பளம் ஏறியதா என்று யாரும் கேட்பதில்லை. டிராம் ஓட்டுகிறவரும் ஆசிரியரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் அடைத்தால் அந்தக் குடியிருப்புக்கே கெட்ட பெயர் வந்துவிடும், அப்புறம் பராமரிப்பும் போய்விடும். வசதி வந்தவரும் அங்கேயே இருந்தால் லிப்ட் பழுதானதும் சத்தம் போட ஆள் இருக்கும்.

சரி, வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறவனுக்கு என்ன பதில் என்பீர்கள். ஒருவரைக் கிளப்பினால் ஒரு வீடுதான் காலியாகும், புதிதாக ஒன்றும் முளைக்காது. இங்கிலாந்தில் 1980-லிருந்து சுமார் 20 லட்சம் கவுன்சில் வீடுகளைத் தள்ளுபடி விலையில் விற்றுத் தீர்த்துவிட்டு, ஈடாகக் கட்டியது சொற்பம். விற்றவர்களைக் கேட்காமல், ஓவர்டைம் பார்க்கிற குடித்தனக்காரரைப் பார்த்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு ஒட்டவில்லை.

உண்மையிலேயே வருமானம் பல மடங்கு ஏறியவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாடகையைக் கூட்டுங்கள், ஆட்சேபணை இல்லை. அந்தப் பணம் அதே ஊரில் செங்கல்லாக மாற வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சொந்தமாக இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு, அரசு வீட்டையும் விடாமல் பிடித்திருக்கிறவருக்காக மட்டும் நான் மேடை ஏற மாட்டேன். அவருக்குத் தாராளமாக நோட்டீஸ் கொடுக்கலாம்.